தளம் போட்டவரின் முழங்கால் ஏன் வெந்தது

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் வீடு கட்டிக் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரர். பத்து நாட்களுக்கு முன் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டீர்கள். மட்டம் பார்த்துக்கொண்டே வந்த கொத்தனார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரக் கான்கிரீட்டில் முழங்காலிட்டபடியே மூன்று மணி நேரம் வேலை செய்தார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகு எரிச்சல், காலையில் கொப்புளம், மூன்றாம் நாள் இரண்டு முழங்கால்களும் கறுத்துவிட்டன. பக்கத்து மருந்தகத்தில் சிராய்ப்பு என்று களிம்பு கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையிலோ, இது தீக்காயம், தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கலாம் என்றார்கள். "மூட்டையில் ஏதோ கெமிக்கல் கலந்திருக்கிறது, கம்பெனியை மாற்றுங்கள்" என்கிறார் உங்கள் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா, ஆட்களுக்கெல்லாம் முகமூடி வாங்கிக் கொடுத்தால் போதுமா, அந்தக் கொத்தனார் மறுபடி வேலைக்கு வரலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

மேஸ்திரிக்கு முதல் பதில். மூட்டையில் எதுவும் கலக்கவில்லை. கலப்படமில்லாத, புத்தம் புதிய, நல்ல சிமெண்ட்தான் இதைச் செய்யும். கம்பெனியை மாற்றினால் அடுத்த கம்பெனி சிமெண்டும் இதையே செய்யும்.

காரணம் நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாய் வெந்துபோகிறதல்லவா? சிமெண்டுக்கும் தாய்ப்பொருள் அதே சுண்ணாம்புக்கல்தான். அரியலூரிலும் தாழையூத்திலும் தோண்டி எடுக்கிற கல்லைக் களிமண்ணோடு சேர்த்து, சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு, வருகிற கட்டியை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்ட். அதில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கல்லாக இறுகுகிற பசை. மற்றொன்று, வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றிய சுண்ணாம்பு. கூடவே சிமெண்டில் சிறிதளவு இருக்கும் சோடியம், பொட்டாசியம் உப்புகளும் கரைந்து காரத்தை, அதாவது அமிலத்துக்கு எதிரான அரிக்கும் தன்மையை, இன்னும் ஏற்றுகின்றன. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தையும் காரத்தையும் அளக்கிற பிஎச் அளவுகோலில் 5.5 அளவில் இருக்கும். ஈரச் சிமெண்டின் பிஎச் 12 முதல் 13 வரை. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், ஏழு படி இடைவெளி என்றால் ஒரு கோடி மடங்கு. உங்கள் கொத்தனாரின் முழங்கால் மூன்று மணி நேரம் ஊறியது அதில்தான்.

பிறகு ஏன் அப்போதே வலிக்கவில்லை? இந்த விஷயத்தின் வஞ்சகம் முழுதும் இங்கேதான் இருக்கிறது. அமிலம் பட்டால் தோலின் புரதம் உடனே உறைந்து ஓர் ஏடு போலப் படிகிறது. அந்த ஏடு ஓரளவு தடுப்பாகவும் நிற்கிறது, வலியும் உடனே வருகிறது, மனிதன் கையை உதறிவிடுகிறான். காரம் அப்படி உறைய வைப்பதில்லை. தோலில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. ஈரக் கான்கிரீட்டைத் தொட்டால் வழவழப்பாக இருப்பதில் ஒரு பங்கு உங்கள் தோலே சோப்பாகிக் கொண்டிருப்பதுதான். பல மணி நேரம் கழித்து எரிச்சல் தெரியும்போது காயம் ஆழத்துக்குப் போயிருக்கும். மிக ஆழமாகப் போய்விட்டால் நரம்பு முனைகளும் வெந்துவிடுவதால், வலியே குறைவாக இருக்கும். கறுத்துப்போன, அல்லது வெளுத்துத் தோல் செருப்பு மாதிரி விறைத்துப்போன இடத்தில் வலி இல்லை என்று ஒருவர் சொன்னால், ஆறுதல் அடையாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. நான் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் கான்கிரீட் கொட்டியபோது, முழங்கால் வரை உள்ள ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகியிருந்தேன், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று. மேலிருந்து தெறித்த சிமெண்ட் பால் பேன்ட் வழியாக வழிந்து பூட்ஸுக்குள் இறங்கியது. ஒரு கரண்டி அளவுதான் இருக்கும். கணுக்காலில் ஏதோ ஈரமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு மாலை வரை நின்றேன். இரவு சாக்ஸைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இன்றும் இருக்கிறது. பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையுறையும் அப்படித்தான். துணிக் கையுறை போட்டுக்கொண்டு கலவை அள்ளுவதைவிட வெறுங்கையே மேல் என்பேன். வெறுங்கையில் பட்டது கழுவினால் போய்விடும். துணி நனைந்தால் காரத்தை நாள் முழுதும் தோலோடு ஒட்டி வைத்திருக்கும், தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரியில்லை, தீயையே கட்டிவைத்த மாதிரி. உள்ளே பஞ்சுத் துணி, வெளியே ரப்பர் அல்லது நைட்ரைல் பூச்சு, மணிக்கட்டைத் தாண்டி நீளம் என்று உள்ளதை வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் கழற்றும்போது, கையுறையோடேயே வெளிப்புறத்தைக் கழுவிவிட்டுப் பிறகு கழற்ற வேண்டும். மறுபடி போடும்போது கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். உள்ளே சாந்து போன கையுறையைக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு நான் முதலிடம் கொடுப்பது கையுறைக்கோ முகமூடிக்கோ அல்ல. தண்ணீருக்கு.

சிரிக்காதீர்கள். நம் ஊர் வேலையிடத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை என்றுதான் தோன்றும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்று பாருங்கள். கலவைக்கு மொண்டது அதில்தான். கரணையையும் மட்டக் கட்டையையும் சாந்துச் சட்டியையும் கழுவியது அதில்தான். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை வண்டல். அதே தொட்டியில் கொத்தனார் கையை விட்டு, ஒரு பிடி மணலை எடுத்துப் பரபரவென்று தேய்த்துக் கழுவுவார். ஏற்கெனவே காரத்தில் இளகிய தோலை மணலால் உரசி, மறுபடி காரத் தண்ணீரில் அலசுகிறார். இதற்குக் கழுவாமலே இருக்கலாம். சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள், அது தோலில் மிச்சம் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும்.

ஆகையால் ஒரு தனி டிரம், மூடியும் குழாயும் வைத்தது, குடிக்கத் தகுந்த தண்ணீர், கலவை போடும் இடத்திலிருந்து பத்தடிக்குள். யாரும் அதில் சட்டியை முக்கக் கூடாது, குழாயைத் திறந்துதான் கை கழுவ வேண்டும். பக்கத்தில் சாதாரணக் குளியல் சோப்பு, துணி துவைக்கும் சோப்பு வேண்டாம், அதில் காரம் கூடுதல். காலையில் வேலை தொடங்கும்போதே டிரம் நிறைந்திருக்க வேண்டும். தளம் போடுகிற அன்று மாடியிலும் ஒரு டிரம். ஏனென்றால் மாடியில் நிற்பவர், கை கழுவுவதற்காகக் கீழே இறங்கி ஏற மாட்டார். நான் இருந்தாலும் இறங்க மாட்டேன்.

முழங்காலிடும் வேலைக்கு வழி எளிது. இரண்டடிக்கு ஒன்றரை அடி ஒட்டுப் பலகைத் துண்டுகள் இரண்டு, அவற்றின் மேல் மண்டியிட்டு, ஒன்றை நகர்த்தி மற்றொன்றின் மேல் ஏறி வரலாம். நீண்ட கைப்பிடி வைத்த மட்டக் கட்டை இருந்தால் பாதி வேலைக்கு மண்டியே தேவையில்லை. லுங்கி வேண்டாம். முழு நீளப் பேன்ட், நனைந்தால் உடனே மாற்ற இன்னொன்று. சிமெண்ட் பாலில் நனைந்த துணியை வெயிலில் உடம்போடேயே காயவிடுவதுதான் உங்கள் கொத்தனாருக்கு நடந்தது. லுங்கி மடிப்பில் ஊறியதும் சேர்ந்துதான் அவர் முழங்காலைச் சுட்டிருக்கிறது.

தீக்காயம் ஒரு நாளில் நடப்பது. இன்னொன்று ஆண்டுக்கணக்கில் நடப்பது, அது கை.

பூச்சு வேலை செய்யும் கொத்தனார் எவருடைய விரல் நுனியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள் இருக்கும். "விரலில் ஓட்டை விழுந்துவிட்டது" என்பார்கள். வேலையில் அது தெரியாது. இரவு சோற்றில் புளிக்குழம்பை ஊற்றிப் பிசைகிறபோது தெரியும். ஒருமுறை எங்கள் சித்தாள் அம்மா ஒருவர் மதியச் சாப்பாட்டைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதான கிராமத்துப் பெண்மணி, கரண்டியால் சாப்பிடுகிறாரே என்று கேட்டதற்கு, கையை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கிவிட்டார். ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாமல் திண்டாடுகிறவர்களிலும் இந்தத் தொழிலாளர்கள் நிறைய.

இந்தக் கைநோயில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறிவதில்தான் ஒருவருடைய பிழைப்பு இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒன்று, காரமும் உராய்வும் சேர்ந்து செய்கிற வறட்சி, வெடிப்பு, அரிப்பு. சாந்து பட்ட இடத்தில் மட்டும் இருக்கும், பொங்கல் தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் ஆறிவிடும். கழுவுதல், கையுறை, இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுதல் என்று சமாளிக்கலாம். மற்றொன்று ஒவ்வாமை. சிமெண்டில் மிகச் சிறிய அளவில், நீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியம் என்கிற உலோகத்தின் தீங்கான ஒரு வடிவம், இருக்கிறது. களிமண்ணில் இயற்கையாக உள்ள குரோமியம் சூளையின் வெப்பத்தில் இந்த வடிவத்துக்கு மாறுகிறது. இது வெடித்த தோல் வழியாக உள்ளே போய், உடம்பு அதை எதிரி என்று ஒருமுறை பதிந்துகொண்டுவிட்டால், அந்தப் பதிவு பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. அதன் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, நீர் கோத்து, அரிக்கும். மணிக்கட்டு, புறங்கை, முன்கை என்று சாந்து படாத இடத்துக்கும் படரும். ஊருக்குப் போனால் குறையும், வேலைக்கு வந்த இரண்டாம் நாள் திரும்பும். இருபது ஆண்டு ஒன்றுமில்லாமல் வேலை செய்தவருக்கும் திடீரென்று வரலாம், அதனால்தான் "எனக்குச் சிமெண்ட் பழகிப்போச்சு" என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை.

சிமெண்ட் சிரங்குக்குக் குரோமியம்தான் காரணம் என்று ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் 1950ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். டென்மார்க் 1983இல் சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்க்க வைத்தது. அது கரையும் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், பத்து லட்சம் பங்கு சிமெண்டில் இரண்டு பங்குக்கு மேல் இந்தக் குரோமியம் இருந்தால் விற்கவே கூடாது என்று ஆக்கியது. அந்த இரும்பு சல்பேட்டுக்கும் ஆயுள் உண்டு, ஈரம் பட்டால் சீக்கிரம் வீணாகும், ஆகவே அங்கே மூட்டையில் எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிடுகிறார்கள். நம் கடைகளில் நான் வாங்கிய மூட்டை எதிலும் இப்படி ஒரு வாசகத்தைப் பார்த்ததில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் பாதுகாப்பானது என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். அதன் காரம் தோலைச் சுடுவதற்குத் தாராளமாகப் போதும், நம்பாதீர்கள்.

ஒவ்வாமையா வெறும் அரிப்பா என்று தெரிந்துகொள்ள, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் ஒட்டுச் சோதனை செய்வார்கள். பொட்டாசியம் டைகுரோமேட் தடவிய சிறு ஒட்டை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். குரோமியம் ஒவ்வாமை என்று உறுதியானால் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். நம் ஊர்த் தோல் பெரும்பாலும் குரோமியம் போட்டுப் பதனிட்டது. கை கெட்டுவிட்டதே என்று அன்பாகத் தோல் கையுறை வாங்கிக் கொடுத்தீர்களானால் நோயைக் கூட்டுவீர்கள். தோல் செருப்பாலும் காலில் வரலாம்.

இனி முகமூடி. நீங்கள் அதைத்தான் முதலில் நினைத்தீர்கள், தவறில்லை, ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். சிமெண்ட் தூசி மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் படிந்து அங்கேயும் காரமாகத்தான் வேலை செய்கிறது. மூக்கடைப்பு, வறட்டு இருமல், நாளடைவில் நீங்காத சளி. நுரையீரலுக்குள் சிமெண்ட் இறுகிக் கல்லாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அப்படி ஆவதில்லை. வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. வெல்லம் தொண்டைக்கு இதம், தாராளமாகத் தின்னட்டும், முகமூடிக்குப் பதிலாக நினைத்துத் தின்ன வேண்டாம்.

சிமெண்ட் மூட்டையைவிட நான் அதிகம் அஞ்சுவது இறுகிய கான்கிரீட்டை அறுக்கும் கிரைண்டரை. சிமெண்டிலேயே படிகச் சிலிக்கா மிகக் குறைவு. மணலிலும் ஜல்லியிலும் எம்-சாண்டிலும்தான் அது இருக்கிறது. ஒயரிங் குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டும்போதும், கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போதும், கான்கிரீட்டைக் கொத்தும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகி நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது. சிலிகோசிஸ் என்கிற நோய் அப்படி வருவதுதான். போன நுரையீரல் திரும்பாது, குணப்படுத்தும் சிகிச்சையும் இல்லை. படிகச் சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. நம் நாட்டில் இருமலும் எடைக் குறைவும் என்று போகிறவருக்குக் காசநோய் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். மருத்துவரிடம் போகும்போது என்ன நோய் என்பதோடு என்ன வேலை என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். காடி வெட்டுபவர் மின்வேலை ஆள், அவர் உங்கள் கணக்கில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அதே மூடிய அறையில் உங்கள் சித்தாளும் பெருக்கிக்கொண்டிருப்பார்.

தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசியில் பெரும்பகுதி எழாது. அதற்கென உள்ள கருவியால்தான் அப்படி அறுக்க வேண்டும், சாதாரண மின் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி மின்சாரத்தில் சாகக் கூடாது. அதற்கு மேல்தான் முகமூடி. துண்டைச் சுற்றிக்கொள்வதும், கொரோனாக் காலத்தில் மிஞ்சிய நீல நிற முகமூடியும் இந்தத் தூசிக்குச் சல்லடை. என்95 தரமாவது வேண்டும், மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி, கன்னத்தோடு இடைவெளி இல்லாமல். அடர்ந்த தாடி இருந்தால் சரியாகப் படியாது.

மூட்டை பிரிப்பதில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன். காற்று முதுகுப்பக்கம் வர நின்றுகொண்டு, மூட்டையைப் படுக்கவைத்து நடுவில் கீறி, இரண்டு முனையையும் மெல்லத் தூக்கினால் சிமெண்ட் சரிந்து இறங்கும். இடுப்பு உயரத்திலிருந்து தலைகீழாகக் கொட்டினால் மேகம் எழும். அதைவிடப் பெரிய மேகம் எழுவது பிறகுதான். காலிச் சாக்கை எண்ணி வைப்பதற்காகப் பெண்கள் இரண்டு காதையும் பிடித்துப் படார் படாரென்று உதறுவார்கள். ஒரு நாள் முழுக்க வேலையிடத்தில் எழும் சிமெண்ட் தூசியில் மோசமானது அந்த ஐந்து நிமிடம்தான் என்பது என் கணிப்பு. உதறாமல் மடித்து அடுக்கச் சொல்லுங்கள், இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மூட்டையின் எடையையும் விட்டுவிட முடியாது. நம் மூட்டை 50 கிலோ. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டின் மத்திய விதிகளில், தனியாகத் தூக்க வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரம்பு வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு பெண் தனியாக முழு மூட்டையைத் தூக்கவே கூடாது. பிரிட்டனில் மூட்டையே 25 கிலோதான். நம்மால் மூட்டையைச் சிறிதாக்க முடியாது, இருவராகத் தூக்கலாம், தள்ளுவண்டி வைக்கலாம், இறக்கும் இடத்தைக் கலவை போடும் இடத்தின் அருகிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

கண்ணைக் கடைசியில் சொல்கிறேன் என்பதால் சிறியது என்று எண்ண வேண்டாம். கூரையின் அடிப்பூச்சு பூசும்போது அண்ணாந்து பார்க்கிற கண்ணில்தான் சாந்து விழும். ரெடிமிக்ஸ் குழாயின் வாயில் நிற்பவர் கண்ணிலும் தெறிக்கும். காரம் தோலில் செய்வதையே கண்ணிலும் செய்யும், ஆனால் மணிக்கணக்கு ஆகாது. அந்த நொடியே கழுவத் தொடங்க வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்தது இருபது முப்பது நிமிடம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் "போதும், சரியாகிவிட்டது" என்பார், கேட்காதீர்கள். மேல் இமைக்கு அடியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அது காரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இமையைப் புரட்டிப் பார்க்கிற கண் மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும். காரத்தை அமிலத்தால் முறிக்கலாமே என்று எலுமிச்சைச் சாறோ, இதமாக இருக்கும் என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ எதையும் விடக் கூடாது. இங்கும் முதலில் வேண்டியது அந்த டிரம் தண்ணீர்தான். சாந்துத் தொட்டித் தண்ணீரால் கண்ணைக் கழுவினால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டால் வேர்வையில் மங்குகிறது என்பார்கள், உண்மைதான். கூரைப் பூச்சுக்கும் குழாய் வாயிலுக்கும் மட்டுமாவது பிடிவாதமாக இருங்கள்.

தோலில் பட்டதற்கும் முதலுதவி இதே வரிசைதான். காய்ந்த தூளாக இருந்தால் முதலில் தட்டித் துடைத்துவிட்டுப் பிறகு தண்ணீர். ஈரமாக இருந்தால் நனைந்த துணி, செருப்பு, அரைஞாண் கயிறு, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல். மஞ்சள், பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். மருத்துவரிடம் "சிமெண்ட் பட்டது, காரக் காயம், இத்தனை மணி நேரம் ஊறியது" என்று சொல்லுங்கள். உங்கள் கொத்தனாரை முதலில் சிராய்ப்பு என்று அனுப்பியது இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால்தான் என்று நினைக்கிறேன்.

அவர் மறுபடி வேலைக்கு வரலாமா என்றால், முழங்கால் தோல் முழுதும் மூடி, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஈரச் சிமெண்ட் பக்கம் கூடாது. ஒட்டிய தோல் மெல்லியது, எளிதில் வெடிக்கும். வெடித்த தோல் வழியாகத்தான் குரோமியம் நுழைகிறது என்று மேலே சொன்னேன். அதுவரை கம்பி கட்டுவது, கல் அடுக்குவதை மேற்பார்ப்பது என்று உலர்ந்த வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். மருத்துவச் செலவும் வேலையிழந்த நாட்களின் இழப்பீடும் வேலை கொடுத்தவர் பொறுப்பு. அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் பதியலாம். மருத்துவமனைச் சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு முதல் வாரம் அவர் மணிக்கட்டையும் புறங்கையையும் நீங்களே பாருங்கள். சிவந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் நீர் கோத்தால் களிம்பு தேடி அலையாமல் நேரே தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். பலகைத் துண்டுகளும் ரப்பர் பூட்ஸும் அடுத்த தளத்துக்குக் கம்பி கட்டி முடிப்பதற்குள் வந்துவிட வேண்டும். ஒரு ஜோடி பூட்ஸ் ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்டின் விலைதான் ஆகிறது. டிரம்மை மட்டும் நாளைக்கே வாங்கி வையுங்கள், பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே.